தொழிற்சாலைத் தண்ணீர் – 9
வெயிலும் வெள்ளைப் பொடியும்

ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிக்கு அமோனியம் சல்பேட் என்றால் உர மூட்டை. அதே உப்பு தோல் பதனிடும் ஷாப்புக்கும் போகிறது. சுண்ணாம்பில் ஊறி முடி கழன்ற தோலில் ஏறியிருக்கும் சுண்ணாம்பை இறக்க, டிரம்முக்குள் இந்த உப்பைப் போட்டுச் சுழற்றுவார்கள். காரம் பட்டதும் உப்பிலிருந்து அமோனியா கிளம்பும். மூடியைத் திறக்கிற ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாவிட்டால் கண் எரிந்து நீர் கொட்டும். ஆவியாகாமல் தங்கியது கழிவுநீரோடு வெளியேறும்.

தோல் ஷாப் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு அதில் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. ரெட்டியார்சத்திரம் வேறெங்கோ இல்லை. ஒட்டன்சத்திரத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர். கிணறுகளைக் கெடுத்ததில் அமோனியாவுக்குக் கூட்டாளிகள் பலர், சாதாரண உப்பு முதல் ஆள். பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ சொந்த ஏற்பாடோ இல்லாமல் தோல் ஷாப் நடத்தக் கூடாது என்றது தீர்ப்பு.

ஆற்றில் விடும் கழிவுநீரில் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. வழக்கமாக அமோனியாவைக் குறைக்கும் வேலையைப் பாக்டீரியாக்கள் செய்கின்றன. உப்பும் குரோமியமும் கூடினால் அவை சுணங்கிவிடும். அமோனியாவைக் காற்றடித்து விரட்டலாம், தண்ணீரில் இருந்த நாற்றம் ஊருக்குள் வரும், அவ்வளவுதான்.

ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் ஒளி வினையூக்கி இந்த இடத்தில்தான் நுழைகிறது. அதன் பெயர் டைட்டானியம் டைஆக்சைடு, சுவர் பெயிண்டுக்கு வெண்மை தருகிற பொடி. மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து அதை எடுக்கலாம். ஒளி பட்டால் அது தண்ணீரையே பிளக்கும் என்று 1972-இல் ஃபூஜிஷிமா, ஹோண்டா என்ற இரு ஜப்பானியர்கள் காட்டினார்கள். புற ஊதாக் கதிர் விழுந்ததும் பொடியின் மேற்பரப்பில் எலக்ட்ரான் துள்ளி எழும். அது விட்டுப்போன வெற்றிடம் பக்கத்தில் இருப்பதை எல்லாம் ஆக்சிஜனேற்றும். அமோனியாவும் தப்பாது. தண்ணீர் காரமாக இருந்தால் வேலை இன்னும் வேகம்.

சிக்கல், அமோனியா என்னவாக மாறுகிறது என்பதில். பெரும்பாலும் நைட்ரைட், நைட்ரேட். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒரு கேட்டை இன்னொன்றாக மாற்றிவிட்டு வெற்றி என்று சொல்ல முடியாது. பொடியை மின்முனையில் படியவைத்து, ஒளியோடு சிறிது மின்சாரமும் கொடுத்தால், நீரிலுள்ள குளோரைடு வீரியமுள்ள குளோரினாக மாறி அமோனியாவைப் பெரும்பாலும் நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகிறது. சோதனைக்கூடங்களில் இது நன்றாகவே நடக்கிறது. தோல் ஷாப் தண்ணீரில் குளோரைடுக்கா பஞ்சம்? ஆனால் கரிமக் கழிவு மிச்சமிருந்தால் அதே குளோரின் அதோடு சேர்ந்து புது நஞ்சுகளை உண்டாக்கும்.

நம் வெயிலை நம்பி யாரும் அவசரப்பட வேண்டாம். அதில் புற ஊதாக் கதிர் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. பழுப்பேறிக் கலங்கிய தண்ணீருக்குள் அதுவும் இறங்காது. வண்டல் படிந்து, பாக்டீரியா தின்று முடித்து, நீர் தெளிந்த பிறகு கடைசிக் கட்டத்தில் வைக்க வேண்டிய முறை இது. அமோனிய உப்புக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்திச் சுண்ணாம்பை இறக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. செலவழிக்கப் பணம் இருந்தால் முதலில் அதில் போடுவதே புத்திசாலித்தனம் என்பேன்.

இரண்டையும் செய்தாலும் உப்பு அப்படியே நிற்கும். ஒளிக்கும் பாக்டீரியாவுக்கும் மசியாத அந்த ஆசாமியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)