கடலோர மாநிலத்தின் உப்பில் இல்லாத அயோடின்

2018-19-இல் இந்தியா முழுவதும் வீடுகளிலிருந்து சமையல் உப்பை எடுத்துச் சோதித்தார்கள். போதுமான அயோடின் இருந்த உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாட்டளவில் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களின் வரிசையில் இதுதான் கடைசி இடம். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கரை நெடுக உப்பளம் வைத்திருக்கும் மாநிலம், நாட்டிலேயே அதிகமாக உப்பு விளையும் மாநிலங்களில் ஒன்று, தன் மக்களின் அடுப்படியில் இப்படித் தோற்றிருக்கிறது.

உப்பு நம் ஊரில் விளைவதும் இதற்கு ஒரு காரணம். அருகில் விளைவதால் மலிவாகக் கிடைக்கிறது. மலிவாகக் கிடைப்பதால் பெயரும் முகவரியும் இல்லாமல் மூட்டையில் வந்து படியில் அளக்கப்படுகிறது. அதோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது: கடலில் இருந்து வரும் கல்லுப்பில் எல்லாச் சத்தும் இயற்கையாகவே இருக்கும், பாக்கெட் உப்பில்தான் ஏதோ ரசாயனம் கலக்கிறார்கள் என்று. படித்தவர்கள் வீட்டிலும் இதைக் கேட்கலாம். இந்துப்பு வாங்குகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது, அயோடினோ 0.06 மில்லிகிராம்தான். ஒரு கிலோ உப்பு எடுக்கச் சுமார் 28 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும். அந்த 28 லிட்டரில் உள்ள அயோடின் முழுவதும் உப்போடு தங்கினாலும் 1.7 மில்லிகிராமுக்கு மேல் தேறாது. சட்டம் கேட்பது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம். அந்த 1.7-கூட முழுதாகக் கிடைப்பதில்லை. பாத்தியில் உப்பு படியும்போது அயோடின் பெரும்பாலும் மிஞ்சும் கசப்பு நீரிலேயே நின்றுவிடுகிறது. கடலில் அயோடினைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவைப்பவை கடற்பாசிகள். 1811-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்னார் குர்த்துவா இந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்ததும் கடற்பாசிச் சாம்பலில்தான். கல்லுப்பானாலும் இந்துப்பானாலும், தனியே அயோடின் சேர்க்காத வரை அது வெறும் சோடியம் குளோரைடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரின் வேதியியலில் அயோடினுக்கு ஏன் இத்தனை மதிப்பு? நம் உடல் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் என்ற நான்கே தனிமங்கள். இவற்றை இணைத்தும் பிரித்தும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை உடல் தானே கட்டிக்கொள்கிறது. எவ்வளவு திறமை இருந்தாலும் ஒரு தனிமத்தை இன்னொரு தனிமமாக மாற்ற எந்த உயிராலும் முடியாது. இரும்பு, துத்தநாகம், அயோடின் எல்லாம் வெளியிலிருந்து, வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, ரத்தத்தில் ஓடும் அயோடினை இழுத்துச் சேர்த்து, டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைத்து ஹார்மோன் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது தைராக்சின். திசுக்களுக்குள் போனதும் அதிலிருந்து ஓர் அயோடின் கழற்றப்பட்டு, மூன்று அணுக்கள் கொண்ட வீரியமான வடிவம் ஆகிறது. அது உயிரணுவின் உட்கருவுக்குள் புகுந்து எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. உடல் சூடு, இதயத் துடிப்பு, எலும்பு வளர்ச்சி, மூளை வளர்ச்சி எல்லாம் அதன் ஆணைக்குள் வருகின்றன. டைரோசினை உடலே தயாரித்துக்கொள்ளும். அயோடினுக்கு மாற்று கிடையாது.

பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எழுபது ஆண்டு வாழ்வதற்கும் மொத்தமாக ஒரு தேக்கரண்டி அளவு போதும். ஆனால் அதை ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. உடல் கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சிறுநீரில் விட்டுவிடும். அதனால் தினமும் வர வேண்டும், இம்மி இம்மியாக, ஏழை பணக்காரர் வேறுபாடில்லாமல் எல்லோர் வீட்டுக்கும். அப்படித் தினமும் எல்லோர் வாய்க்கும் போகும் பொருள் உப்பு ஒன்றுதான். சுவிட்சர்லாந்து 1922-லேயே இதைப் புரிந்துகொண்டு உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியது.

அயோடின் குறைந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, "இன்னும் உழை" என்று தைராய்டை விரட்டுகிறது. பண்டமில்லாத பட்டறையில் ஆளை மட்டும் கூட்டுவது போல, சுரப்பி வீங்குகிறது. வேண்டிய ஹார்மோன் வருவதில்லை. இந்த வீக்கமே முன்கழுத்துக் கழலை. கண்ணுக்குத் தெரிவதால் அதைத்தான் நோய் என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இழப்பு அதைவிடப் பெரியது. கருவில் இருக்கும் குழந்தையின் தைராய்டு முதல் மாதங்களில் வேலை செய்யாது. அந்த நாட்களில் குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஹார்மோன் முழுவதும் தாயின் ரத்தத்திலிருந்து போகிறது. தாய்க்குக் கடுமையான பற்றாக்குறை இருந்தால் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், காது கேளாமை, மனவளர்ச்சிக் குறைபாடு வரை போகலாம். பற்றாக்குறை லேசாக இருந்தாலும் குழந்தையின் கற்கும் திறன் மங்கலாம். வகுப்பில் மந்தம் என்று திட்டு வாங்கும் பிள்ளையைப் பார்த்து இதற்குக் காரணம் உப்பு என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. நான் இதில் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு அதுவே காரணம்: இழந்தவருக்குக்கூட இழந்தது தெரியாமல் போகிறது, கருவில் போனதைப் பிறகு எவ்வளவு அயோடின் கொடுத்தும் மீட்க முடிவதில்லை.

உப்பு வழியாக இதைத் தடுக்க முடியும் என்று இந்தியாவில் நிரூபித்தவர் மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமி. 1956-இல் அவரும் குழுவினரும், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் முதல் இரண்டில் கழலை வெகுவாகக் குறைந்தது. மூன்றாவதில் அப்படிக் குறையவில்லை. அதன் பலனாக 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. அப்போது இதை இமயமலை அடிவாரத்தின் நோய் என்று எண்ணினார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில் எந்த மாநிலமும் இதற்கு விலக்கில்லை என்று தெரிந்தது. மழையும் வெள்ளமும் மண்ணின் அயோடினை அரித்துக்கொண்டு போகும் எந்த இடத்திலும் அங்கு விளையும் பயிரில் அது குறைவாகவே இருக்கும். கடல் பக்கத்தில் குடியிருப்பதால் மட்டும் உடலில் சேர்ந்துவிடாது.

சட்டம் ஒரே நேர்கோட்டில் வரவில்லை. அயோடின் இல்லாத உப்பைச் சமையலுக்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு போட்ட தடை 2000-இல் விலக்கப்பட்டு, 2006-இல் மறுபடி அமலானது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. சாதாரண உப்பு உடலுக்குத் தீங்கான பொருள் அல்ல, எனவே பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் அப்படி ஒரு விதி போட அதிகாரமில்லை என்று 2011-இல் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. மக்கள் நலம் கருதி, அரசு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள ஆறு மாத அவகாசமும் கொடுத்தது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் தடை மீண்டும் இடம்பெற்றது. அதன்படி நேரடியாக உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் இருந்தே ஆக வேண்டும். சில்லறைக் கடையில் நம் கைக்கு வரும்போது பத்து லட்சம் பங்குக்கு 15 பங்குக்குக் குறையக் கூடாது. கால்நடைக்கும் தொழிற்சாலைக்கும் பதப்படுத்தலுக்கும் அயோடின் இல்லாத உப்பை விற்கலாம், ஆனால் எதற்கானது என்று மூட்டையில் எழுதியிருக்க வேண்டும். அந்த மூட்டையைப் பிரித்துச் சமையலுக்கு அளந்து கொடுப்பது குற்றம்.

"என்ன உப்பு சாப்பிடுவது என்பது என் விருப்பம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சிறு உப்பள உரிமையாளர்களின் கவலையும் உண்மையானது. அயோடின் தெளிக்கும் இயந்திரமும் பரிசோதனையும் அவர்களுக்குச் செலவு. அதற்குத் தீர்வு கூட்டுறவு மூலம் பொதுவான அயோடின் கலப்பு ஆலைகள் அமைத்துத் தருவது. அயோடின் இல்லாத உப்பை விற்க விடுவது அல்ல என்றே நான் கருதுகிறேன். விருப்பம் என்பது தெரிந்து எடுக்கும் முடிவு. அயோடின் இருக்கிறதா இல்லையா என்பது நிறத்திலோ ருசியிலோ மணத்திலோ தெரியாது. கருவில் இருக்கும் குழந்தையைக் கேட்டு யாரும் உப்பு வாங்குவதுமில்லை.

கல்லுப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கடைகளில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அயோடின் உப்பு விற்கப்படுகிறது. பொட்டலத்தில் 'அயோடின் கலந்த உப்பு' என்ற சொற்களும், தயாரிப்பாளர் பெயரும், பதினான்கு இலக்க உணவு உரிம எண்ணும், தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ உப்புச் சோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பெட்டியில் உள்ள சொட்டுக் கரைசலில் ஸ்டார்ச் இருக்கும். உப்பில் சேர்த்திருக்கும் அயோடேட் என்ற சேர்மத்திலிருந்து அயோடின் வெளிப்பட்டு ஸ்டார்ச்சோடு சேர்ந்ததும் நீலம் பூக்கும். நிறம் வராவிட்டால் அயோடின் இல்லை என்று கொள்ளலாம். எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வகத்தால்தான் சொல்ல முடியும்.

அதற்கும் சட்டத்தில் வழி உண்டு, பலருக்குத் தெரியாத வழி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமை எந்த வாடிக்கையாளருக்கும் இருக்கிறது. ஒரு நிபந்தனை: வாங்கும்போதே, "அண்ணாச்சி, இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உப்பு தரத்துக்குக் கீழே இருந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்தச் செலவும் வேண்டாமென்றால், பொட்டலத்தையும் ரசீதையும் படம் எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலருக்குப் புகார் அனுப்பலாம். மாதிரி எடுப்பது அவர்கள் கடமை. தரமற்ற உணவை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரையும், லேபிளில் பொய் சொன்னால் 3 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கி வந்த அயோடினைப் பல வீடுகளில் அடுப்படியிலேயே இழக்கிறார்கள். கல்லுப்பைக் கழுவிப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அயோடின் கல்லின் மேல்தான் தெளிக்கப்பட்டிருக்கிறது, முதல் தண்ணீரிலேயே போய்விடும். ஈரக் கை படாத, மூடி போட்ட ஜாடியில், வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புச் சேர்த்தால் இழப்பு குறையும்.

அதற்காக உப்பைக் கூட்ட வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்தவர்கள், எடுக்கும் அந்தச் சிறிதளவும் அயோடின் உப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பால், முட்டை, கடல் மீன் மூலமும் கொஞ்சம் வரும். தைராய்டு சுரப்பு குறைந்து மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் அயோடின் உப்பைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சில நாட்கள் தவிர்க்கும்படி மருத்துவரே சொல்வார். அயோடின் மாத்திரையையோ கடற்பாசி மாத்திரையையோ மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். அளவு மீறினாலும் அதே சுரப்பிதான் கெடும். மரவள்ளிக் கிழங்கும் முட்டைக்கோசும் தைராய்டைக் கெடுக்கும் என்ற பயமும் பரவியிருக்கிறது. அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர்கள் அவற்றை நன்றாக வேகவைத்து, வழக்கமான அளவில் சாப்பிட அஞ்ச வேண்டியதில்லை.

கர்ப்பம் உறுதியான உடனே தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை பிறந்த பிறகு குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலோ தொப்புள்கொடி ரத்தத்திலோ தைராய்டு அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தாய்க்கு அயோடின் போதுமான அளவு இருந்தும் சில குழந்தைகள் தைராய்டு சுரப்பி சரியாக வளராமல் பிறக்கின்றன. பிறக்கும்போது பார்வைக்கு எந்த அடையாளமும் தெரியாது. முதல் இரண்டு வாரங்களுக்குள் கண்டுபிடித்துத் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கத் தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகள் மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்குப் போவார்கள்.