தோற்றேன் என்று சொல்லும் கூட்டம்



எங்கள் ஊர் எப்போதும்வென்றான். எட்டயபுரத்தைத் தாண்டி, தூத்துக்குடி போகும் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது. பெயரைச் சொன்னாலே, "நீ எப்பவும் ஜெயிச்சவனால?" என்று வகுப்பில் கேலி செய்வார்கள். ஆனால் எங்கள் வீட்டில் பல வருடங்களாக ஜெயித்தது குடிதான். உளுந்து விற்ற பணம், அம்மா தீப்பெட்டி ஆபீசில் வாங்கிய சம்பளம், ஒரு தடவை என் பரீட்சைப் பணம் எல்லாம் அங்கேதான் போயின. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் விசாரித்து அறியும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

திருக்குறளில் 93-வது அதிகாரம் கள்ளுண்ணாமை. அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். ஆனால் அளவு மீறிய குடி ஒரு நோய் என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே அதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. நாங்கள் கோவிலில் கயிறு கட்டிப் பார்த்தோம். கயிறு அவிழ்ந்த அன்றே அப்பா கடைக்குப் போனார். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்தை வாங்கலாமா என்று அம்மா கேட்டார். டாக்டரோ, "அந்த மாதிரி மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்து" என்று எச்சரித்தார்.

இன்னொன்றும் சொன்னார். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாளில் புத்தி பேதலிக்கும். ஆகவே முதலில் அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு. அதன் பிறகுதான் கூட்டம்.

எந்தக் கூட்டம்? 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும், டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கியது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ. இருவருமே குடிநோயாளிகள். ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரனிடம் மனம்விட்டுப் பேசினால் இருவருக்கும் பலம் என்பதே அதன் சூட்சுமம். கட்டணம் இல்லை. சேரத் தகுதி ஒன்றே: குடியை நிறுத்தும் ஆசை. அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது. பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான காக்ரேன் அறிக்கை, குடிக்காமலே தொடர்ந்து இருக்க ஏ.ஏ. வழிமுறை மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்கிறது.

கூட்டத்தில் இரண்டு வகை. 'திறந்த' கூட்டத்துக்கு மனைவி, பிள்ளை, யாரும் வரலாம். 'மூடிய' கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முதல் தடவை துணைக்குப் போவதென்றால் திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதலில் போன கூட்டம் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். "எய்யா, இனிமே என்னையக் கூப்பிடாத" என்றார் அப்பா. பிறகுதான் யோசித்தேன். அவருக்குத் தமிழில் பேசும் கூட்டம் வேண்டும். பகலில் முடிய வேண்டும். தெரிந்த முகம் இருக்கக் கூடாது. கோவில்பட்டி என்றால் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். "தூத்துக்குடின்னா வாரேன்" என்றார். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நரைத்த லாரி டிரைவர் ஒருவர் எழுந்து, பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தைக் குடித்த கதையைச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும் அவரைப் பார்க்கவில்லை.

ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு 'சரிப்படாது' என்று முடிவு செய்யாதீர்கள். நாலைந்து தடவை, இரண்டு மூன்று இடம் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் கடவுளைப் பற்றிப் பேச்சு வரும். எந்த மதத்திலும் சேரச் சொல்ல மாட்டார்கள். போக வழியில்லாதவர்களுக்குச் செல்போன் வழிக் கூட்டங்களும் உண்டு. எங்கே விசாரிப்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற அரசின் இலவச எண்ணில் கேட்கலாம். குடும்பத்தாருக்கு 'அல்-அனான்', நம் வயதுப் பிள்ளைகளுக்கு 'அலட்டீன்' என்று தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. அவரை நாம் குடிக்க வைக்கவில்லை, நம்மால் திருத்தவும் முடியாது என்று அங்கேதான் புரிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அப்பா நிறுத்தி ஏழு மாதம். நடுவில் பொங்கலன்று ஒரு தடவை சறுக்கினார். மறு ஞாயிறு தானாகவே பஸ் ஏறினார். ஏ.ஏ.வின் 12 படிகளில் முதல் படி, குடியிடம் நான் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது. எப்போதும்வென்றான்காரர் ஒருவர் அப்படிச் சொல்வது லேசான காரியமா? என் அப்பா சொன்னார். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இந்தக் கஷ்டம் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். விசாரியுங்கள், கூடவே போங்கள். ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்!