காதொலிப்பான்களின் ஒலிப்பண்பு

இசைச்சுரம் ஒன்றின் இயல்புகள் சுருதி, உரப்பு, பண்பு என மூன்றாகும். ஒரே சுருதியிலும் உரப்பிலும் ஒலிக்கும் வீணையையும் வயலினையும் செவி பிரித்தறிவது பண்பு வேறுபாட்டினாலாகும். அடிப்படை மீடிறனோடு உடனெழும் மேற்றொனிகளின் அளவே பெரும்பாலும் இப்பண்பினை வகுக்கின்றது. இயர்போன் எனப் பொதுவழக்கில் வழங்கும் காதொலிப்பான் எல்லா மீடிறன்களையும் ஒரே அளவில் தருவதில்லை. சிலவற்றை உயர்த்தியும் சிலவற்றைத் தாழ்த்தியும் ஒலிக்கின்றது. ஆதலின் ஒரே பாடல் இரு கருவிகளில் இருவேறு நிறங்கொள்கின்றது. கருவியின் ஒலிப்பண்பு என ஆர்வலர் கூறுவது இதனையே.

இக்கருவிகள் அமைப்பால் இருவகைப்படும். செவிமடலின் குழியில் தங்கி, செவித்துளையை அடைக்காதிருப்பது திறந்தவகை. சோனி நிறுவனம் 1982 இல் வெளியிட்ட எம்.டி.ஆர்.-ஈ 252 இதன் முன்னோடிகளுள் ஒன்று. மென்மையான முனையினால் துளையை அடைத்து உட்செல்வது அடைத்தவகை. 1991 இல் வெளிவந்த எற்றிமோட்டிக் ஈ.ஆர்.-4 இதிற் புகழ்பெற்றது.

இவ்விரண்டிற்கும் தலையாய வேறுபாடு தாழ்ந்த மீடிறன்களிற் புலப்படும். அவை செவிப்பறையை உரத்துத் தாக்குதற்கு அடைபட்ட சிறு காற்றறை வேண்டும். திறந்தவகையில் மென்றகடு தள்ளும் காற்று இடைவெளி வழியே கசிந்துவிடுகின்றது. அதனால் மிருதங்கத்தின் தொப்பியோசை மெலிய, வலந்தலையின் ஓசை முன்னிற்கும். மலிவுவிலையாற் பெயர்பெற்ற மொங்க் பிளஸ் என்னும் திறந்தவகைக் கருவியிற் குரலே முன்னின்று இதமாக ஒலிக்கும். ஈ.ஆர்.-4 இலோ, கேட்டற்கருவிகளிற் பயன்பட்டுவந்த நுண்ணிய ஆமேச்சர் அமைப்பே ஒலியெழுப்புகின்றது. அதன் தாழ்ந்த ஓசை மிகையின்றி அளவாகவும், நுண்ணோசைகள் தெளிவாகவும் அமையும்.

எனினும், இவற்றை ஒப்பிடுங்கால் மூன்று நெறிகள் கைக்கொள்ளற்பாலன. முதலாவது, பொருத்தம். அடைத்தவகையின் முனை சற்றே தளரினும் தாழ்ந்த ஓசை மறையும். அக்குறை கருவியினதன்று, பொருத்தத்தினதே. இரண்டாவது, பஞ்சுறை. திறந்தவகைக் கருவிக்குப் பஞ்சுறை இடின் கசிவு குறைந்து பண்பு மாறும். மூன்றாவது, உரப்பு. மொங்க் பிளஸின் தடங்கல் 64 ஓம், யுவின் பி.கே.-1 இனது 150 ஓம். ஒரே மின்னழுத்தத்தில் இவை பெறும் வலு வேறாதலின், ஒலியளவுக் குமிழை ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுதல் முறையாகாது. உரப்புக் குறையுந்தோறும் தாழ்ந்த மீடிறன்களைச் செவி மிகக் குறைவாகவே உணரும் என்பதைப் பிளெச்சர், மன்சன் ஆகியோர் 1933 இல் அளந்து காட்டினர். எனவே உரத்தொலிப்பதே சிறந்தது என மயங்குதல் எளிது.

இம்மயக்கம் சுவையளவில் நின்றுவிடுவதன்று. பேருந்தில் திறந்தவகையைச் செருகிய மாணவன், இயந்திர இரைச்சலில் மறைந்த தாழ்ந்த ஓசையை மீட்கவெனக் குமிழைத் திருப்புகின்றான். அப்போது தாழ்ந்த ஓசையோடு ஏனைய மீடிறன்களும் ஒருங்கே உயர்கின்றன. வாரத்துக்கு 80 தெசிபெலில் 40 மணித்தியாலமும், 90 தெசிபெலில் 4 மணித்தியாலமுமே கேட்கத்தகும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உட்செவியின் நுண்மயிர்க்கலங்கள் அழியின் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே, எது சிறந்தது என்னும் வினாவிற்கு எங்குக் கேட்பதற்கு என்பதே எதிர்வினா. அமைதியான அறையில் திறந்தவகை விரிந்த, இயல்பான ஓசை தரும். இரைச்சலிடையே அடைத்தவகை, புறவோசையைத் தடுத்துக் குறைந்த உரப்பிலும் முழுமை தரும். தெருவில் நடப்போர் அதனைத் தவிர்த்தல் நன்று. வாகன ஒலி செவியில் விழல் வேண்டும். கருவி பழுதுபடின் வேறொன்று வாங்கலாம். செவிக்கு அவ்வழி இல்லை.