நாள்காட்டியில் இல்லாத திருநாள்

சமயத்தால் அமையும் திருநாள்கள் உண்டு. அரசாணையால் அமையும் விடுமுறைகளும் உண்டு. மக்களின் விருப்பம் ஒன்றே படைக்கும் திருநாள்களும் உலகில் உள்ளன. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அறிவியற் புனைவுப் படத்தில் வாழ்த்துரை ஒன்று வரும். அது ஆங்கிலத்தில் 'மே 4' என்னும் தேதியைப் போல ஒலிக்கும். இச்சிலேடையைக் கொண்டே அப்படத்தின் இரசிகர்கள் ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடுகின்றனர்.

தமிழ்நாட்டு இரசிகர்க்கோ, படம் வெளிவரும் முதல் நாளே திருநாள். இரஜினிகாந்து எந்திர மனிதனாகத் தோன்றிய 'எந்திரன்' 2010 அக்டோபர் 1ஆம் நாளும், அதன் தொடர்ச்சியான '2.0' 2018 நவம்பர் 29ஆம் நாளும் வெளிவந்தன. இத்தகைய நாள்களில் திரையரங்க வாயிலில் தோரணங்கள் ஆடும், வெடிகள் முழங்கும், 'கட்டவுட்' எனப்படும் நெடிய உருவப்பலகைக்கு இரசிகர் மாலை சூட்டிப் பால் சொரிவர்.

அவ்விரு நாள்களும் முறையே வெள்ளியும் வியாழனுமாகிய வேலைநாள்கள். பின்னலாடைத் தொழில் சிறந்த திருப்பூரில், பனியன் தைப்போருள் பலர் தைத்த உருப்படிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோர். வேலைக்குச் செல்லாத நாளில் அவர்க்குக் கூலி இல்லை. எனவே, தாமே எடுத்துக்கொள்ளும் விடுமுறைக்கு நாட்கூலியே விலையாகிறது.

சில வேளைகளில் விலை அதனினும் பெரிதாகும். 2023 ஜனவரியில் சென்னையில் வேறொரு படத்தின் முதல் நாளன்று, லாரியின் மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் கீழே விழுந்து உயிர் நீத்தார்.

கலையைக் கண்டு மகிழ்தல் குற்றமன்று. அளவறிந்து மகிழ்தலே அறிவுடைமை. சனிக்கிழமை வாரக்கூலி பெற்று, ஞாயிறன்று குடும்பத்துடன் சென்று காண்போர்க்கும் திரையில் ஓடுவது அதே படமன்றோ!