தர்மராஜ ரதமும் எமனும்

உங்கள் முன் மூன்று நிலைகளுடன் உயர்ந்து நிற்பது தர்மராஜ ரதம். ஐந்து ரதங்களில் இதுவே உயரமானது. பாண்டவர் மூத்தவன் தருமன் எமனுக்குப் பிறந்தவன் என்கிறது பாரதம். எமனுக்கும் தருமராஜன் என்ற பெயர் உண்டு. ஆனால் பல்லவர் இந்த ரதத்தைச் செதுக்கியது சிவனுக்காக. மேல்நிலைக் கல்வெட்டு இதை ‘அத்யந்தகாம பல்லவேசுவரம்’ என்கிறது. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்து மக்கள் இட்டவை. வரிசையின் தென்கோடியில் இருப்பதால், எமனின் திசை தெற்கு என்று கதை கட்டத் தோன்றும். அதற்குச் சான்று எதுவும் இல்லை.

ரிக் வேதத்து எமன் விவஸ்வானின் மகன். இறந்தோர் செல்லும் வழியை முதலில் கண்டவர், அங்கே அவர்களுக்கு அரசர். பாசக்கயிறும் எருமையுமாக அச்சுறுத்தும் உருவம் பின்னால் வளர்ந்தது. ஈரானியரின் அவெஸ்தாவில் வரும் ‘யிம’ இவருக்கு நெருங்கிய உறவு. தந்தை பெயர்கூட ஒத்துப்போகிறது. சங்கப் பாடல்களில் உயிர் கொள்ள வருவது கூற்றம். பின்னர் மார்க்கண்டேயனுக்காகச் சிவன் அந்தக் காலனையே உதைத்ததாகப் புராணம் சொன்னது. அந்தத் தலமாகப் போற்றப்படும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள இன்றும் கூட்டம் நெரிகிறது.

இதே கடற்கரையில், வடக்கே கோவளத்தில் தமீம் அன்சாரி தர்கா உள்ளது. இஸ்லாத்தில் உயிரைக் கைப்பற்றுபவர் தெய்வமல்லர், இறைவனின் ஏவலைச் செய்யும் வானவர். குர்ஆன் (32:11) அவரை ‘மலக்குல் மவ்த்’ என்று மட்டுமே குறிக்கிறது. இஸ்ராயீல் என்ற பெயர் பிந்தைய மரபு தந்தது.

கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மகிஷாசுரமர்த்தினி குகையையும் பாருங்கள். அங்கே எருமைத் தலையோடு நிற்பவன் மகிஷன், எமன் அல்லன்.