குஞ்சுக் கோழிகளின் கால் தளர்ச்சி

திருவொற்றியூர்த் தேரடிப் பக்கத்திலும் இராயபுரம் கடைவீதியிலும் பச்சை, சிவப்பு, ஊதா எனச் சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அவை குஞ்சு பொரிப்பகங்கள் வேண்டாவென ஒதுக்கிய முட்டையினச் சேவற்குஞ்சுகள். குழந்தைகள் அழுது கேட்க, பெற்றோர் வாங்கித் தருகின்றனர். அட்டைப் பெட்டியே வீடு; சோற்றுப் பருக்கையே உணவு. இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சு நடக்கமாட்டாமல் குந்திவிடுகிறது. சுளுக்கு என்று எண்ணெய் தடவுவாரும் உளர். மீஞ்சூர், அத்திப்பட்டு வட்டாரங்களில் பத்து நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்கும் குடும்பங்களுக்கோ இது விளையாட்டன்று. கால் விழுந்த கோழி கைமுதல் இழந்ததற்கு ஒப்பாகும்.

கால் தளர்ச்சி என்பது ஒரு நோயின் பெயரன்று. பல குறைகளுக்குப் பொதுவான அடையாளம். எனவே காரணத்தை முதலில் அறிதல் வேண்டும்.

வெறுஞ்சோற்றின் குறைக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியா நகரில், 1889ஆம் ஆண்டில், கிறிஸ்டியான் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழலாயின. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்கு இடப்பட்டு வந்திருக்கிறது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தார் சோற்றை வெளிக்கோழிகளுக்குத் தரமாட்டேன் என மறுத்துவிடவே, அவை மீண்டும் தீட்டாத அரிசிக்குத் திரும்பின. அச்சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ உலகுக்குச் செய்த உதவி சிறிதன்று! தவிட்டோடு நீங்கிய பொருள் தயமின் என்னும் ‘பி1’ சத்து எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நெல்லைப் புழுக்கும்போது இச்சத்து அரிசியினுள் ஊறுவதால், பச்சரிசியினும் புழுங்கலரிசி மேலானது. ஆயினும் வடிகஞ்சியோடு ஒரு பகுதி போய்விடுகிறது. ஆதலின் குஞ்சுக்குக் குஞ்சுத் தீவனமே சிறந்தது. அது கிட்டாதபோது சோற்றுடன் தவிடும் உடைத்த கம்பும் கலந்திடலாம். காசிமேட்டுப் பக்கத்தார் மீன் கழிவை இடுவது வழக்கம், நல்ல புரதந்தான். எனினும் சிலவகை மீன்களில் ‘பி1’ சத்தை அழிக்கும் பொருள் இருத்தலால், வேகவைத்தே இடுக. உப்புக் கருவாடு குஞ்சுக்கு ஆகாது.

விரல்கள் உட்புறமாகச் சுருண்டு, கணுக்காலை ஊன்றிக் குஞ்சு உட்காருமாயின் அது ‘பி2’ சத்துக் குறை. முருங்கைக்கீரை, மோர், வெந்த ஈரல் ஆகியவை இக்குறை வராமற் காக்கும். தொடக்கத்திலேயே கண்டு, கால்நடை மருத்துவர் கூறும் அளவில் சத்து மருந்து தந்தால் குஞ்சு எழும். நாட்பட்டால் நரம்பு கெட்டுவிடும், மருந்து பயன் தராது.

எலும்பு வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் வெயிலின்மையும் ஆகும். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளின் இருண்ட அறைகளில் குஞ்சைப் பூட்டி வைக்காமல், நாள்தோறும் சிறிது நேரம் இளவெயிலில் விடுதல் நலம். கண்ணாடிச் சன்னலுக்குள் விழும் வெயில் இதற்குப் பயன்படாது. வளர்ந்த கோழிகளுக்குக் கிளிஞ்சலைப் பொடித்து வைக்கலாம். அதனை எண்ணூர்க் கழிமுகத்தில் பொறுக்குவதை நாம் விரும்பவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அங்கு எண்ணெய் படர்ந்ததை யாவரும் அறிவர். உலோகக் கழிவும் அச்சேற்றில் உண்டு. பழைய மின்கலத் துண்டுகளும் உதிர்ந்த சாயமும் கிடக்கும் இடத்தில் கோழிகளைக் கிளறவிடலாகாது. ஈயம் உட்சென்றாலும் கால் தளரும்.

வழுவழுப்பான செய்தித்தாள் மீது நிற்கும் பிஞ்சுக் குஞ்சுக்குக் கால்கள் இருபுறமும் விரிந்துவிடும். சாக்கு அல்லது உமி பரப்புக. விரிந்த கால்களை, இயல்பாக நிற்கும் அகலத்தில் மெல்லிய துணிநாடாவால் இணைத்துச் சில நாள் வைத்தால் நேராகும். முதல் வாரத்திற்குள் செய்தாலன்றிப் பயனில்லை. தளர்ந்த குஞ்சை மற்றவை கொத்தாதவாறு பிரித்து, நீரும் தீவனமும் அலகுக்கு எட்டுமாறு வைக்க வேண்டும்.

ஒரு கால் முன்னும் மற்றொன்று பின்னுமாக நீட்டிக் கிடப்பது மேரெக் நோயின் குறி. இதற்கு மருந்தில்லை; பொரித்த அன்றே தடுப்பூசி போட்ட குஞ்சுகளாகக் கேட்டு வாங்குதலே வழி. பச்சை நிறக் கழிச்சலும் மூச்சுத் திணறலும் கழுத்துத் திருகலும் சேர்ந்து கால் விழுந்தால் அது இராணிக்கெட் எனப்படும் கோழிக்கழிச்சல். அந்நிலையில் எண்ணெய் தடவிக் காத்திராது, மற்றக் கோழிகளைப் பிரித்து, கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஐயம் தீராதவர்க்கு மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகமும், வேப்பேரியில் 1903இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அண்மையிலேயே உள்ளன.

தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளை ஊராட்சி உறுப்பினர்கள் முன்னதாகவே தெருத்தோறும் அறிவித்தல் வேண்டும். மேய்ச்சலுக்குப் போன கோழியைப் பிடிப்பது எளிதன்று. ஆகவே விடியற்காலையில் கூடு திறக்குமுன் குழுவினர் வந்துசேருமாறு ஏற்பாடு செய்க.