வலியறிதலும் ஒரு சிறுவர் விளையாட்டும்

திருக்குறட் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 48, 49, 50 என்பன அவற்றின் எண்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாக இவற்றை மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். பரிமேலழகர் உரையை விரித்தும் சுருக்கியும் சொல்லியிருக்கின்றேன்; தேர்வுக்கு வினாக்களும் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். ஆயினும் சென்ற விடுமுறையில், தோப்பூரில் என் தங்கை வீட்டுத் திண்ணையிலே, இம்மூன்றுக்கும் ஓர் உரையைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வாயிற் கேட்டேன். அவன் குறளைச் சொல்லவில்லை. குறள் அவனுக்கு வராது என்பதே எங்கள் வீட்டாரின் முடிவு. அம்முடிவைச் செய்தவனும் யானே.

அவன் என் மருமகன். வலியறிதலில் மூன்று குறளைப் பாடமாக்கத் தந்தால், மறுநாள் ஒன்றரைக் குறளோடு வந்து நிற்பான். "இவனுக்கு ஞாபகசக்தி போதாது" என்று தங்கையிடம் பலமுறை சொல்லியிருக்கின்றேன். கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த தந்தை அவனுக்கு ஒரு நின்டென்டோ கருவியைக் கொணர்ந்து கொடுத்தார். அன்றுதொட்டு அவன் கையும் கண்ணும் அதன் மீதே. அதைப் பறித்து வைக்குமாறு தங்கை என்னிடம் முறையிட்டாள். பறிக்கும் எண்ணத்தோடுதான் அவனருகே போய் அமர்ந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

"இது என்னடா?" என்றேன்.

"போக்கிமோன், மாமா. என்ட கையில இருக்கிறது நெருப்பு. எதிர்ல நிக்கிறது தண்ணி. இப்ப அடிச்சா அரைவாசிதான் படும். புல்லை இறக்கினா இரண்டு மடங்காப் படும்."

புல் தண்ணீரை அடிப்பதாவது! நகைக்கத் தோன்றியது. பின்னர், நீரை உறிஞ்சி வளர்வது புல்லன்றோ என்று எண்ணியபோது நகைப்பு அடங்கிற்று.

இவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். 'பாக்கெட் மான்ஸ்டர்' என்னும் ஆங்கிலத் தொடரை யப்பானியர் சுருக்கி வழங்கிய பெயரே போக்கிமோன். 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் யப்பானில் அது முதன்முதல் வெளிவந்தது. அதனைக் கருக்கொண்டவர் சத்தோஷி தஜிரி. தோக்கியோவின் புறத்தேயுள்ள மச்சிதாவில் வளர்ந்து, இளமையில் பூச்சி பிடித்துச் சேர்த்துத் திரிந்தவர். இரண்டு கைக்கருவிகளை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதனூடே பூச்சிகள் ஊர்ந்து ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குச் செல்வதாக அவர் கற்பனை செய்தாராம். தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட எங்களூர்ச் சிறுவர்க்கும் அவருக்கும் இவ்வளவில் உறவுண்டு.

விளையாட்டிற் பிடித்துப் பழக்கப்படும் பிராணிகள் யாவும் இனங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. தொடக்கத்தில் 15 இனங்கள் இருந்தன. 1999இல் இருளும் உருக்கும் சேர்ந்தன. 2013இல் தேவதை இனம் சேர 18 ஆயிற்று. ஓரினத்தின் அடி மற்றோரினத்தின் மேல் இரு மடங்காகப் படலாம், பாதியாகப் படலாம், இயல்பாகப் படலாம். சிலவிடத்து அறவே படாமலும் போகலாம். நெருப்பை நீர் வெல்லும், நீரைப் புல் வெல்லும், புல்லை நெருப்பு வெல்லும். மின்னல் நிலத்தின் மேல் ஒன்றும் செய்யாது. நிலத்தின் அடி பறப்பதன் மேல் எட்டாது. மல்லன் பேயைக் குத்தினால் கைதான் நோகும். இவற்றுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது உளவலி இனத்தின் நிலை. மனத்தின் ஆற்றலால் மலையையும் பெயர்க்கவல்ல அவ்வினம் மூன்றுக்கே தோற்கும்: பூச்சி, பேய், இருள். இதை வகுத்தவர் சிறுபிள்ளையின் உள்ளத்தை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

பதினெட்டைப் பதினெட்டாற் பெருக்கினால் 324. அத்தனை விடைகளும் அவனுக்குப் பாடம். யான் நம்பாமல் ஒரு தாளில் கட்டம் வரைந்து, வரிசையாகவும் தலைகீழாகவும் இடையிட்டும் கேட்டேன். உருக்கின் மேல் நஞ்சு? "படாது." பனியின் மேல் பாறை? "இரண்டு மடங்கு." பறவைநாகத்தின் மேல் பறவைநாகம்? "அதுவும் இரண்டு மடங்கு, மாமா, தன் இனத்துக்கே அது பகை." ஓரிடத்தும் தடுக்கவில்லை. எனக்கு முகம் சிவந்தது. இதை எப்படிப் பாடமாக்கினாய் என்று வினவினேன்.

"பாடமாக்கல்ல மாமா. அடிச்சு அடிச்சுப் பாத்ததுதான். ஒருக்காத் தோத்தா மறக்காது."

குறளை மறந்த மாணாக்கன் எம்மிடம் எதனை இழக்கின்றான்? இரண்டு புள்ளி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. இந்த எண்ணம் அன்று இராப்பொழுது முழுவதும் என்னை உறங்கவிடவில்லை.

ஈண்டு ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. ஏட்டுச் சுவடியோடு பழகியவர்க்கு அது இனிக்கும். 1996இன் பதிப்பிலே, உளவலி இனம் பேய்க்கு அஞ்சும் என்று கதைமாந்தர் கூறுகின்றனர். ஆனால் கருவியின் கணக்கிலோ பேயின் அடி அவ்வினத்தின் மேல் அறவே படுவதில்லை. எழுதியவர் கருத்து ஒன்று, பெயர்த்தெழுதியவர் கை செய்தது மற்றொன்று! 1999இன் பதிப்பிலேதான் இப்பிழை திருத்தம் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை சிறுவர் கதைமாந்தர் சொல்லை நம்பிப் பேயை ஏவித் தோற்றார்களோ! பாடபேதத்தால் உயிர்வாட்டம் கொள்வோர் புலவர் மட்டுமல்லர்.

இது நமக்குப் புதிதன்று. இராமாயண பாரதப் போர்களிலே அக்கினி அத்திரத்தை வருண அத்திரம் அவிக்கின்றது. கம்பர் பாடிய நாகபாசப் படலத்தில், இந்திரசித்தின் பாசத்தாற் கட்டுண்டு கிடந்த இலக்குவனையும் சேனையையும் எந்த வீரனது வில்லும் மீட்கவில்லை; கருடன் வந்த அளவிலே பாம்புக் கட்டு அற்றொழிந்தது. வலிமைக்கு வலிமை நேர் நிற்பதன்று, வலிமைக்கு ஏற்ற மாற்று நிற்பதே அங்கும் பேசப்படுகின்றது. சீனரும் மரம், தீ, மண், உலோகம், நீர் என ஐந்து வகுத்து, ஒன்றை ஒன்று வெல்லும் முறையை நெடுங்காலத்துக்கு முன்பே சொல்லி வைத்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சீனர் முறையில் மண் நீரை வெல்லும். இவ்விளையாட்டில் நீர் நிலத்தை வெல்லும். எது சரி? மகாவலி கொட்டியாரக் குடாவிற் கலக்கும் இப்பகுதியில், மாரி வெள்ளத்தில் நெல்வயல் மூழ்கக் கண்டவர் பின்னதை ஒப்புவர். அல்லைக் குளத்தின் அணைக்கட்டின் மேல் நின்று பார்த்தவர் முன்னதை ஒப்புவர்.

மறுநாள் மாலை, அயல்வீட்டுச் சிறுமி தன் கருவியோடு வந்தாள். மருமகனுக்கு இரண்டு வயது இளையவள். இருவருக்கும் போர் மூண்டது. அவள் முதலில் இறக்கியது கியாரடோஸ் என்னும் பெரும்பிராணி. அது நீர், பறவை ஆகிய ஈரினத்துக்கும் உரியது. நீரும் மின்னலுக்குத் தோற்கும், பறவையும் மின்னலுக்குத் தோற்கும். ஆகவே மின்னல் அதன் மேல் இரண்டும் இரண்டும் நான்கு மடங்காகப் படும். இவனிடமோ மின்னினப் பிராணி தயாராக நின்றது. "ஒரே அடி, மாமா!" என்று என்னைப் பார்த்துக் கண்சிமிட்டிவிட்டு இடியை ஏவினான்.

அவ்வடி படுமுன்னே அவள் கியாரடோஸை மீட்டு, நிலவினப் பிராணி ஒன்றை அவ்விடத்தில் நிறுத்திவிட்டாள். ஆட்டத்தின் விதிப்படி மாற்றிய பிராணியின் மேலேதான் அடி விழும். இடி நிலத்தில் விழுந்து ஒன்றும் இல்லாமற் போயிற்று. அடுத்து அவள் நிலத்தைக் குலுக்க, இவன் பிராணி வீழ்ந்தது.

"நீ அதத்தான் அடிப்பாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் அவள், தலைநிமிராமலே.

இரண்டாம் ஆட்டத்தில் மீண்டும் அதே நிலை வந்தது. இம்முறை இவன் விழிப்பானான். அவள் நிலத்தை இறக்குவாள் என்று கருதி, மின்னலை விட்டு நிலத்துக்கேற்ற பச்சிலைப் படையை ஏவினான். அவளோ மாற்றவேயில்லை. நீருக்கு இரு மடங்காகும் பச்சிலை பறவைக்குப் பாதியாகும். ஆதலால் கியாரடோஸுக்குச் சிறு கீறலோடு ஒழிந்தது. அது திருப்பி அடித்தது. 324 விடையும் அறிந்தவன் பாதி அறிந்தவளிடம் இருமுறை தோற்றான்.

எனக்கு வலியறிதல் அதிகாரத்தின் முதற்குறள் அப்போதுதான் விளங்கியது என்றால் என் மாணாக்கர் நகைப்பர். செய்யப்போகும் செயல், தான், பகைவன், இருபாலும் துணைநிற்போர் ஆகிய நான்கன் வலிமையையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கச் சொல்லுகின்றார் வள்ளுவர். மருமகன் நிறுத்தது எதிரே நின்ற பிராணியின் வலிமையை மட்டும். அதன் பின்னே, இன்னும் களத்துக்கு வராமல் நின்ற துணையை அவன் நிறுக்கவில்லை; நிறுத்தபோதோ, அவனை அவள் நிறுத்துக்கொண்டிருந்தாள். பாரதத்தில் கன்னன் ஒரே முறை ஏவத்தக்க சத்தி வேலை அருச்சுனனுக்கென்று வைத்திருந்தான். இரவில் வலிமிகும் அரக்கர் குலத்தவனான கடோற்கசனைக் கண்ணன் இரவுப் போரில் எதிரே விட, வேறு வழியின்றி அவ்வேல் அவன் மேலே செலவாயிற்று. தோப்பூரில் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி செய்ததும் ஏறக்குறைய அதுவே.

காலமும் இடமும் இவ்விளையாட்டில் உண்டோ என்று கேட்டேன். உண்டு என்றான். களத்தில் மழை பெய்தால் நீரின் அடி ஒன்றரை மடங்காகும். நெருப்பின் அடி பாதியாகும். வெயில் எறித்தால் எதிர்மாறு. கதைப்படமாக 1997இல் யப்பானில் ஒளிபரப்பாகிய தொடரின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு காட்சி இருக்கின்றது. ஆஷ் என்னும் சிறுவனின் மின்னினப் பிராணி பிகாச்சு, ப்ரொக் என்பானது ஓனிக்ஸ் என்னும் பாறைப் பாம்பை எதிர்க்கின்றது. பாறையும் நிலமுமாகிய அதன் மேல் மின்னல் படாது என்பது வாய்பாடு. ஆனால் அரங்கில் தீ மூள, தீயணைக்கும் குழாய்கள் தாமே திறந்து நீரைச் சொரிகின்றன. நனைந்த பாறை தளர்கின்றது. மின்னலும் அதனுள் ஏறுகின்றது. வாய்பாடு அவ்விடத்தில் வாயடைத்தது.

நண்பர் ஒருவரிடம் இவற்றைச் சொன்னபோது அவர் முகஞ்சுளித்தார். "பிராணிகளைச் சண்டைக்கு விடுவது பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்கதா?" என்றார். கேட்கவேண்டிய கேள்விதான். குப்பைமேட்டில் விலக்குவாரின்றிப் பொருதும் கோழியை உவமை கூறியதனால் குப்பைக்கோழியார் என்றே பெயர்பெற்ற புலவர் குறுந்தொகையில் இருக்கின்றார். அவ்வுவமையிலும் இரக்கமே தொனிக்கின்றது. இவ்விளையாட்டில் பிராணிகள் சாவதில்லை, மயங்கி வீழும் அளவே என்று தஜிரி வரையறுத்தார் என்பதை நண்பர்க்குச் சொன்னேன். அவர் அமைதியுறவில்லை. யானும் முழுவதும் அமைதியுற்றேன் என்று சொல்வதற்கில்லை.

ஆயினும் வலியோன் மெலியோனுக்குத் தோற்பது எங்கள் திருகோணமலை மாவட்டத்து உழவர்க்குக் கதையன்று. வயலில் இறங்கும் யானைக்கு வெடி கொளுத்தி விழித்திருப்பவர் அவர். தேனீயின் இரைச்சலைக் கேட்ட அளவில் ஆபிரிக்க யானைகள் விலகி ஓடுகின்றன என்று 2007இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். வேலியில் தேனீப் பெட்டிகளைத் தொங்கவிடும் முயற்சி இலங்கையிலும் நடந்தது. ஆனால் நம் நாட்டுத் தேனீ ஆபிரிக்கத் தேனீயினும் சாதுவானது. இடம் மாறின் வாய்பாடும் மாறும்.

இதை மருமகனிடம் சொல்லி, நீருள் நிற்கும் முதலை மற்றெல்லாவற்றையும் வெல்லும், கரையேறினால் மற்றவை அதனை வெல்லும் என்றொரு குறள் உண்டு என்றேன். காகம் பகலில் கூகையை வெல்வதையும், சேற்றில் கால் அழுந்திய யானையை நரி கொல்வதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"அப்ப முதலை எந்த இனம், மாமா? தண்ணியில நிண்டா ஒரு கணக்கு, தரையில நிண்டா வேற கணக்கா?"

"ஆம்."

"அது எத்தனையாம் குறள்?"

495 என்றேன். 481ஐயும் 500ஐயும் கேட்டு வாங்கினான். கட்டம் வரைந்த தாளை என்னிடமிருந்து எடுத்து, பதினெட்டாம் வரிசையின் கீழே ஒரு கோடு இழுத்து, அம்மூன்று எண்களையும் எழுதிக்கொண்டான். கருவியை யான் பறிக்கவில்லை. தங்கைக்கு என்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.